சொன்னது ஆர்?

விடுதி, மட்டக்களப்பு
09.06.2024

அன்புள்ள கனு மச்சாளுக்கு,

விடுதியில் எங்களுக்குப் போன் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதி அன்ரியின் போனில் வீட்டுக்கு எடுக்கும்போதெல்லாம் உன்னைக் கூப்பிடச் சொல்கிறேன். "கனுசியா முழுகப் போயிட்டாள்" என்கிறார் அம்மா. ஒவ்வொரு ஞாயிறும் சரியாக அந்த நேரத்தில்தான் நீ முழுகுகிறாய். அதனால் கடிதம்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஊர் அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில் அம்மாள் முதன்முதலாக உன்மேல் வந்தாள் என்று கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் மிச்சத்தை அம்மா சொன்னார். பூசை செய்யும் கோணாமலைக் கட்டாடியார் உடுக்கடிக்க, நீ கமுகம்பாளையோடு ஆடி வந்து, சனத்துக்குள் நின்ற என் அம்மாவின் முன்னால் நின்றாயாம். "ஆத்துக்கு அங்கால நிக்கிற புள்ளய ஊருக்கு எடு. தண்ணி பார்த்துக்கொண்டு நிக்குது" என்று வாக்குச் சொன்னாயாம்.

விடுதியின் பின்மதிலோடு வாவி கிடக்கிறது. அதை ஊரில் எல்லாரும் ஆறு என்றுதான் சொல்வார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் நான். நம் வீடுகளில் ஆற்றைத் தாண்டிப் படிக்க வந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே ஆரைச் சொன்னது என்று அம்மா யோசிக்கவே இல்லை. இந்தத் தவணை முடிந்ததும் என்னை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றப் போகிறார். அங்கே உயர்தர வகுப்பில் அளவையியல் இல்லை. இந்து நாகரிகத்துக்கு ஆசிரியர் இல்லை. என் பாடங்களில் எனக்கு உயிரான இரண்டும் போய்விடும்.

போன வெள்ளிக்கிழமை வகுப்பில் அத்துவைதம் தொடங்கினோம். "பார்க்கப்படுவது வேறு, பார்ப்பவர் வேறு. மேசையைப் பார்க்கிறேன், ஆகவே மேசை நானல்ல. உடம்பையும் மனதையும் பார்க்கிறேன், ஆகவே அவையும் நானல்ல. அப்படியானால் நான் யார்?" என்று ரீச்சர் கேட்டுவிட்டு மணி அடித்ததும் போய்விட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அத்தோடு உன் நினைவு வந்தது. அம்மாள் உன்மேல் நின்றபோது நீ எங்கே நின்றாய்?

உண்மையைச் சொல். நீ சொன்னது உனக்குத் தெரியுமா?

லோஜினி


16.06.2024

லோஜிக்கு,

மேலே அன்புள்ள மச்சாள் என்கிறாய், கீழே கோபத்தோடு எழுதுகிறேன் என்கிறாய். இரண்டில் ஒன்றைச் சொல்லு.

எனக்குத் தெரியாது. உடுக்குக் கேட்டது. கால் குளிர்ந்தது. மறுகா கண் திறந்தபோது நான் மஞ்சள் தண்ணீரில் நனைந்து கோயில் மண்ணில் கிடந்தேன். தொண்டை கிழிந்தாற்போல நோவு. நடுவில் ஒன்றும் இல்லை. நான் என்ன சொன்னேன் என்று எனக்குச் சொன்னதே என் அம்மாதான். அதுவும் கும்பிட்டுக்கொண்டு சொன்னா. பெற்ற தாய் கும்பிட்டுக்கொண்டு கதைக்கிறதைக் கேட்டிருக்கிறாயா நீ?

அதற்குப் பிறகு வீட்டில் மீன் சட்டி என் கண்ணில் படுவதில்லை. எனக்கு வேறு பானை, வேறு பாய். சந்தியில் நின்று "என்ன கறுப்பி, எங்க போறா?" என்று பகிடி விடுகிற பெடியன்மார் இப்போது சைக்கிளை விட்டு இறங்கி ஒதுங்கி நிற்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு நாள் வாசல் படலையில் வைத்து என் காலைத் தொட்டுவிட்டா. நான் துள்ளிவிட்டேன். என்னோடு ஒருவரும் சண்டை பிடிப்பதில்லை. உன் கடிதத்தில்தான் முதன்முதலாக ஒருத்தி என்னை ஏசியிருக்கிறாள். வாசிக்கும்போது எரிச்சல் வந்தது. இரண்டாம் தரமும் எடுத்து வாசித்தேன்.

மாமி உன்னை ஊருக்கு எடுப்பது எனக்கும் இப்போதுதான் தெரியும். நான் கேட்டு நடந்ததில்லை. என்னைக் கேள்வி கேட்காதே.

கனுசியா


23.06.2024

கனு,

கேட்காமல் இருக்க முடியவில்லை. நீ எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழமையாக அலைகிறேன். "நடுவில் ஒன்றும் இல்லை."

புதன்கிழமை மாலை வழிபாட்டு நேரத்தில் கரண்ட் போனது. என் அறைத்தோழி ஷெரோன், தன்னாமுனையில் இருந்து வந்த பிள்ளை, "ஐயோ, ஒண்டுமே தெரியல்ல" என்று கத்தினாள். எனக்குப் பளிச்சென்றது. ஒன்றும் தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரிகிறது அல்லவா? இருட்டை இருட்டென்று காணவும் கண் திறந்திருக்க வேண்டும். தூக்கமும் அப்படித்தான். "நல்லாத் தூங்கினேன், ஒன்றும் அறியேன்" என்று காலையில் சொல்கிறோம். ஒன்றும் அறியாமல் கிடந்ததை அறிந்தது யார்? அங்கே யாரோ இருந்திருக்க வேண்டும். நூல்கள் அதைச் சாட்சி என்கின்றன.

இதை உனக்குப் பொருத்திப் பார்த்தேன். "நடுவில் ஒன்றும் இல்லை" என்று சொல்ல ஒருத்தி வேண்டும். அந்த ஒருத்தி நீ. ஆகவே நீ அங்கே இருந்தாய். இருந்தவளுக்குத் தெரியாமல் வாய் எப்படிப் பேசும்? எங்கே பிழை என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குப் பிழை தெரியவில்லை.

நானும் என்னில் செய்து பார்க்கிறேன். கடைவாய்ப் பல் வலிக்கிறது. வலியை அறிகிறேன், ஆகவே வலி நானல்ல. ஊருக்குப் போக வேண்டிவருமோ என்ற பயத்தை அறிகிறேன், பயமும் நானல்ல. இவ்வளவும் யோசிக்கிற லோஜினி கெட்டிக்காரி என்று ஒரு எண்ணம் வருகிறது. அதையும் அறிகிறேன், அதுவும் நானல்ல. இப்படியே தள்ளிக்கொண்டு போனால் மிஞ்சுவது என்ன? இருப்புக்கொள்ளவில்லை. "மிஞ்சுறது பல்லு வலிதான், டொக்டரிட்டப் போ" என்கிறாள் ஷெரோன்.

இன்று போனில் அம்மாவுக்கும் இதைச் சொல்லிவிட்டேன். கனுவுக்கு அப்போது அறிவு இருந்தது, நியாயப்படி அப்படித்தான் வருகிறது என்று. அம்மா உடனே போனை வைத்துவிட்டார். யோசிக்கிறார் என்று நினைக்கிறேன்.

லோஜி


02.07.2024

லோஜினிக்கு,

யோசிக்கவில்லை. வந்தா.

நான் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றேன். மாமி படலைக்கு உள்ளேயும் வராமல் வெளியேயும் நிற்காமல், "என்னகா, உனக்கு அறிவு இருந்ததாம் எண்டு லோஜி சொல்றாள். உண்மையா?" என்று கேட்டா. கும்பிடவும் பயம், ஏசவும் பயம். நான் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் அம்மா குசினிக்குள் சமையலை விட்டு ஓடி வந்து, "மச்சாள், தெய்வத்தில கை வைக்காதீங்க" என்று அழத் தொடங்கிவிட்டா.

அன்றைக்கே மாமி கட்டாடியாரிடம் போயிருக்கிறா. அவர் கோபிக்கவில்லையாம். "சந்தேகம் வந்தா அம்மாளையே கேப்பம். ஆடி முதல் செவ்வாய்ப் பூசைக்கு உங்கட மகளக் கூட்டி வாங்க. புள்ளய முன்னால நிப்பாட்டி, உடுக்கடிச்சு, திரும்பக் கேப்பம்" என்றாராம்.

இப்போது ஊர் முழுக்க அதுதான் கதை. வயல் வட்டையில் அப்பாவோடு வேலை செய்கிற ஆட்கள், "மச்சான், மகளுக்குச் சோதனையாமே?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே கொண்டுவந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை அம்மாள் வராவிட்டால் நான் நடிப்புக்காரி. வந்து வேறு மாதிரிச் சொன்னால் முதல் சொன்னது பொய். வந்து அதையே சொன்னால் உன் படிப்புப் போச்சு. எந்தப் பக்கம் விழுந்தாலும் எனக்கு அடி. உன் நியாயத்தில் இதற்கு ஏதும் வழி இருக்கிறதா? இருந்தால் எழுது.

உன் பல் வலி நீ இல்லையாம். நல்லது. எனக்கு நெஞ்சு இடிக்கிறது. அது நான்தான்.

கனு


07.07.2024

அன்புள்ள கனு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு வகுப்பில் இருந்தேன். ரீச்சர் கேள்வி கேட்டது எனக்குக் கேட்கவே இல்லை. மன்னித்துக்கொள். அம்மா படலைக்கு வருவார் என்று நான் நினைக்கவில்லை.

நான் ஒன்று யோசித்தேன். கோபிக்காமல் வாசி.

அம்மாள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, உன் வாயால்தான் வாக்கு வரப்போகிறது. "புள்ள படிக்கட்டும்" என்று சொல்லிவிடு. அவ்வளவுதான். நீ ஆடுவதை ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஒருமுறை பார்த்துவிட்டார்கள்தானே. அம்மாளுக்கு மனம் குளிர்ந்துவிட்டது, முதலில் எச்சரித்தாள், இப்போது விடை தருகிறாள் என்று சனம் எடுத்துக்கொள்ளும். உனக்கும் அவமானமில்லை. அம்மாவும் சமாதானமாகிவிடுவார். நானும் இங்கே இருக்கலாம்.

இதில் ஒருவருக்கும் நட்டமில்லை. நான் எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டேன்.

உன் லோஜி


12.07.2024

லோஜி,

உண்மையைச் சொல் என்று முதல் கடிதத்தில் என்னைக் கேட்டது யார்? அந்தப் பிள்ளையும் இந்தக் கடிதம் எழுதின பிள்ளையும் ஒரே ஆளா?

ஆனாலும் செய்து பார்த்தேன். உன்னிடம் ஒளிக்கப் போவதில்லை. அம்மா கடைக்குப் போன நேரம் அறைக் கதவைச் சாத்தி, அலுமாரிக் கண்ணாடியின் முன் நின்று, முடியை அவிழ்த்துவிட்டு ஆடிப் பார்த்தேன். "புள்ள படிக்கட்டும்" என்றேன். குரல் நன்றாக வந்தது. கண்ணும் அப்படியே மேலே போனது. என்னைப் பார்க்க எனக்கே மயிர் கூச்செறிந்தது.

அதுதான் இப்போது பயம். நடிக்க இவ்வளவு லேசு என்றால், வைகாசியில் வந்தது என்ன?

இன்னொன்றும் இருக்கிறது. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. நீ பெட்டியோடு பஸ் ஏறினாயே, அன்றைக்கு நான் வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். உன்னை வழியனுப்ப வரவில்லை என்று நீ குறைப்பட்டாயாம். வந்திருந்தால் உன் பெட்டியைப் பிடித்து இழுத்திருப்பேன். அந்த நாள் தொட்டு, தண்ணீர் அள்ளும்போதும் சட்டி கழுவும்போதும், "இந்தப் புள்ளயத் திரும்ப எடுங்க" என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ இல்லாமல் இந்த ஊரில் எனக்குக் கதைக்க ஆள் இல்லை. ஆகவே அந்தச் சொல் என்னிடம் முதலே கிடந்தது. சடங்கன்று அதை எடுத்து வெளியில் போட்டது அம்மாளா, நானா? சத்தியமாக எனக்குத் தெரியாது. தேடித் தேடிப் பார்க்கிறேன். அந்த இடத்தில் ஒருவரும் இல்லை.

நீ கெட்டிக்காரிதானே. சொல்லு.

கனு


17.07.2024

அன்புள்ள கனு,

இந்தக் கடிதம் செவ்வாய்க்கு முன் உன் கையில் கிடைக்க வேண்டுமென்று, ஊர் பஸ் கொண்டக்டரிடம் கெஞ்சிக் கொடுத்து அனுப்புகிறேன்.

நான் கேட்டதைச் செய்யாதே. தயவுசெய்து செய்யாதே.

நான் பிடித்த நியாயத்தில் பிழை இருக்கிறது. இரண்டு நாளாகத் தேடிக் கண்டுபிடித்தேன். தூக்கத்தில் ஒரு அறிவு இருக்கிறது என்பது சரிதான். ஆனால் அந்த அறிவு தூக்கத்தில் ஒன்றும் செய்வதில்லை. புரண்டு படுப்பது உடம்பு. பிதற்றுவது வாய். அது வெறுமனே இருக்கிறது. ஒன்று அங்கே இருந்தது என்று காட்டிவிட்டு, அதுவே பேசியது என்று நான் எப்படிச் சொன்னேன்? பார்ப்பதைத்தான் நிறுவினேன். பேசியதற்காக உன்னைப் பிடித்தேன். அந்த இடத்தில் ஒரு படியை விட்டுவிட்டுத் தாண்டியிருக்கிறேன். தாண்டியது அறியாமையால் இல்லை என்றும் நினைக்கிறேன். எனக்கு இந்த விடுதி வேண்டும். அதனால் அப்படி முடிவு வந்தால் நல்லது என்று இருந்தது.

இதைக் கண்டுபிடித்தால் மனம் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. பேசியது சாட்சி இல்லை என்றால் யார்? உன் ஆசையா? ஆசை தானாகப் பேசுமா? எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று எழுத எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது உனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அம்மா என்னைக் கூட்டிப்போக வருகிறார். கோயிலில் உன் முன்னால் நிற்பேன். என்னைப் பார்த்து எதையும் சொல்ல வேண்டாம். படிப்புப் போனால் போகட்டும் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். அது உண்மையில்லை. போகக்கூடாது. ஆனாலும் நடிக்காதே.

லோஜி


25.07.2024

லோஜி,

நீ சொல்லாமல் போய்விட்டாய். மாமி உன்னை விடியற்பஸ்ஸில் கொண்டுபோய்விட்டா என்று அம்மா சொன்னா. விடுதிக்கா? திரும்பப் பெட்டி எடுக்கவா? ஒருவரும் எனக்குச் சரியாகச் சொல்கிறார்கள் இல்லை. பூசை முடியும் முன்னமே பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டு வந்து அறைக்குள் விட்டுவிட்டார்கள். அப்பா என்னைப் பார்க்கவில்லை. அம்மா அழுகிறா. ஆனால் இன்றைக்கு மத்தியானம் என் பானையை எடுத்துவிட்டு, எல்லாரோடும் ஒன்றாகச் சோறு போட்டா. மீன் குழம்பு.

நான் என்ன சொன்னேன் என்பது இந்த முறை எனக்கு ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது வெளியில் எப்படி இருந்தது? நீ முன்னால்தானே நின்றாய். வந்தவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பொய் சொல்லாமல் எழுது. உன் படிப்பு என்ன ஆனது என்பதை முதல் வரியில் எழுது.

கனு


28.07.2024

அன்புள்ள கனு,

நான் விடுதியில்தான் இருக்கிறேன். அம்மா என்னை வாசலில் விட்டுவிட்டுப் போனார். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

நீ கேட்டபடி நான் பார்த்ததை எழுதுகிறேன். நீ வெள்ளைச் சேலையோடு நின்றாய். கட்டாடியார் உடுக்கடித்தார். பறைமேளமும் சேர்ந்தது. உன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். நீ கமுகம்பாளையைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றாய். சனம் பொறுத்துப் பார்த்தது. பிறகு பின்னால் இருந்து ஒரு கிழவர், "டேய், மேளத்த நல்லா அடியுங்கடா, அம்மாளுக்குக் கேக்கல்ல போல" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு பொம்பிளை, "தீட்டுத் துடக்கோட வந்திட்டாளோ என்னவோ" என்றாள். உன் அம்மா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள். கண்ணாடி முன் வந்த அந்தக் குரல் இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வராதே என்று வேண்டினேன். வந்தாலும் நல்லது என்று மனதில் ஒரு மூலையில் இருந்தது.

நீ பாளையை மெதுவாக நிலத்தில் வைத்தாய். கையை உயர்த்தினாய். மேளம் நின்றது. "அம்மாள் வரல்ல. நான்தான் நிக்கிறன்" என்றாய். பெரிய சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. என் அம்மாவைப் பார்த்து, "மாமி, அந்தச் சொல் என்னட்ட முதலே கிடந்தது. லோஜி போன நாள் தொட்டு அவள் வரவேணும் எண்டு நினைச்சுக்கொண்டுதான் இருந்தன். அண்டைக்கு அத எடுத்தது அம்மாளோ நானோ எனக்குத் தெரியா. இப்ப சொல்றது நான். அவள் படிக்கட்டும்" என்றாய். நீ அழவில்லை. கூந்தலிலிருந்து மஞ்சள் தண்ணீர் கண்ணுக்குள் வழிந்தது, நீ துடைக்கவில்லை.

பிறகு ஒரே சத்தம். கட்டாடியார் உடுக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, "வராத தெய்வத்த நான் இழுத்துவர ஏலா. புள்ள தன்ர சொல்லச் சொல்லிட்டுது. பூசையப் பாப்பம்" என்றார். உன்னைப் பெண்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். அப்போது என் அம்மா உன் பின்னால் வந்ததை நீ கண்டிருக்க மாட்டாய். வழி முழுக்க உன்னை ஏசிக்கொண்டு வந்தார். "அடி கனு! எடி கழுதை! உனக்கு அவள் இல்லாம இருக்க ஏலாட்டி வாயத் திறந்து என்னட்டச் சொல்ல ஏலாதா? என்ர நெஞ்சப் பிடுங்கிப் போட்டியேடி!" என்று. படலைவரை வந்து ஏசினார். உன் அப்பா வந்து, "சரி தங்கச்சி, விடு" என்று சொன்ன பிறகுதான் நின்றார்.

விடியற்பஸ்ஸில் அம்மா யன்னல் பக்கம் இருந்தார். பாலத்தில் ஏறும்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார். விடுதி வாசலில் என் பையைக் கையில் தந்து, "அம்மாள்ர சொல்லெண்டா பயத்துக்கு உன்ன ஊருக்கு எடுப்பன். கனுட சொல்லெண்டா அவளோட சண்டைதான் பிடிக்கலாம். மார்கழி வரைக்கும் படி, மறுகா பாப்பம்" என்றார். அவ்வளவுதான். மார்கழிக்குப் பிறகு என்ன என்று எனக்கும் தெரியாது.

இனி, நீ கேட்காத ஒன்று. இதை எழுதாமல் விட்டால் நான் பார்த்தது முழுவதையும் எழுதியதாகாது.

மேளம் உச்சத்துக்குப் போனபோது என் முழங்கால் ஆடத் தொடங்கியது. பயத்தில் என்று நினைத்தேன். பிறகு இடுப்பு ஆடியது. பக்கத்துப் பந்தல் காலைப் பிடித்தேன். கை என் சொல்லைக் கேட்கவில்லை. நடுக்கத்தை அறிகிறேன், ஆகவே நடுக்கம் நானல்ல என்று சொல்லத் தொடங்கினேன். அதைச் சொல்லி முடிக்க எனக்குள் ஆள் இருக்கவில்லை. கால் குளிர்ந்தது, கனு. நீ எழுதினாயே, அதே மாதிரி. நாக்கின் நுனியில் சொல் வந்து நின்றது. என்ன சொல் என்று உனக்கு நான் எழுதவே தேவையில்லை. உனக்கு நான் எழுதி அனுப்பிய அதே வார்த்தை. ஒரு மூச்சுப் பிந்தியிருந்தால் ஊர் முழுக்க என் காலில் விழுந்திருக்கும். நீ கையை உயர்த்தியதால் மேளம் நின்றது. நான் பந்தல் காலோடு நின்றேன்.

அது நடிப்பில்லை. அது அம்மாள் என்றும் என்னால் சொல்ல முடியாது. வகுப்பில் இன்னும் அதே பாடம்தான் நடக்கிறது. பார்ப்பவர் யார் என்று ரீச்சர் கேட்கிறார். முன்பெல்லாம் முதல் ஆளாகக் கையை உயர்த்துவேன். இப்போது கையை மேசையின் கீழே வைத்துக்கொண்டிருக்கிறேன். ஷெரோன் என்னைப் பார்த்து, "என்ன, ஞானம் வந்திட்டா?" என்கிறாள்.

இதை உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். அம்மாவுக்குச் சொல்லாதே. அடுத்த வைகாசிக்கு நான் ஊருக்கு வருவேன். மேளம் அடிக்கும்போது நான் எங்கே நிற்பது? தூரத்திலா, உன் பக்கத்திலா? யோசித்து எழுது.

லோஜி